முதல் மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர் வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநருக்கும், வானொலி அறிவிப்பாளர் கேசி கேசமின் பழைய ‘அமெரிக்கன் டாப் 40’ நிகழ்ச்சிகளை நாடெங்கும் நிலையங்களுக்கு அனுப்பிவரும் நிறுவனத்தாருக்கும்,

இந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எங்கள் நிலையம், ஞாயிறு காலையில் வரும் எண்பதுகளின் ‘அமெரிக்கன் டாப் 40’ மறு ஒலிபரப்பை நான்கு மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டது. வெட்டப்பட்டது முதல் மணி நேரம். அந்தந்த வாரம் அமெரிக்காவில் முன்னணியில் இருந்த நாற்பது பாட்டுகளைக் கீழிருந்து முதலிடம் வரை வரிசையாகப் போடும் நிகழ்ச்சி அது. 40ஆம் இடத்தில் தொடங்க வேண்டிய வரிசை இப்போது ஏறத்தாழ முப்பதில் தொடங்குகிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. கேட்டு எழுதியவர்களுக்கு வந்த பதிலில் இரண்டே காரணங்கள். நேயர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லையாம். முதல் மணி நேரத்துப் பாட்டுகள் பலருக்குத் தெரியாதவையாம். இந்த இரண்டு காரணங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் இரு அலுவலகங்களுக்கும் தபாலில் வந்து சேரும். தமிழில் எழுதி எல்லோர் பார்வைக்கும் வைப்பதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படிக்கவும், வேலைக்கும், கல்யாணமாகியும் இந்த நாட்டுக்கு வந்திறங்கிய தமிழர்கள் பலர் வார இறுதிகளில் இந்த நிகழ்ச்சியைக் கேட்டவர்கள். இன்று மறு ஒலிபரப்பையும் கேட்கிறார்கள். உங்கள் நேயர் கணக்கெடுப்பில் நாங்கள் எங்கே வருகிறோம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறோம். அவர்களும் இதைப் படித்து உங்களுக்கு எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மிச்சிகனுக்கு வந்தவள். கணவருக்குக் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வெளியே பனி, உள்ளே நானும் ஒரு ரேடியோவும். கல்லூரியில் படித்த ஆங்கிலம் இங்கே கடையில் நின்றால் பாதி புரியாது. அந்த நாளில் எனக்கு முழுக்கப் புரிந்த ஒரே அமெரிக்கக் குரல் கேசியுடையது. வேகமாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்தை விழுங்க மாட்டார். ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னால் அதைப் பாடியவரைப் பற்றி ஒரு சின்னக் கதை சொல்வார். பெயரைக் கடைசி வரை சொல்லாமல் இழுத்துப் பிடித்துவிட்டு, பாட்டு தொடங்கும் நேரத்தில் சொல்வார். சமையல் கரண்டியோடு நின்றபடியே அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் இந்த ஊர் மனிதர்களை நான் தெரிந்துகொண்டேன். எந்த ஊர் எங்கே இருக்கிறது, யார் வீட்டில் என்ன வறுமை, யார் எத்தனை முறை நிராகரிக்கப்பட்டு மேலே வந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது.

அவர் டெட்ராய்ட்டுக்காரர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 1932இல் பிறந்தவர். பெற்றோர் லெபனானைச் சேர்ந்த, துரூஸ் என்ற சிறு மதப் பிரிவினர். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கெமால் அமீன் கேசம் என்ற பெயரோடு பிறந்த ஒருவரின் குரல்தான் வாராவாரம் அமெரிக்காவுக்கு அதன் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொன்னது. வெளியிலிருந்து வந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கொரியாவில் ராணுவ வானொலியில் பணியாற்றியவர், பிறகு ஓக்லண்டில் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு பழைய பாடகர் விவரப் பத்திரிகையை எடுத்துப் படித்துத்தான் பாட்டுக்கு முன் கதை சொல்லும் பாணியைத் தொடங்கினார் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. இன்னொருவர் வேண்டாமென்று எறிந்ததிலிருந்து பிறந்த நிகழ்ச்சி இது. அதிலிருந்து இன்று நீங்கள் ஒரு மணி நேரத்தைத் தூக்கி எறிகிறீர்கள்.

வரலாறு உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் உங்கள் முடிவுக்கு நேராக வந்து நிற்கும் ஒரு பகுதியை நினைவூட்டியாக வேண்டும். 1970 ஜூலை 4 வார இறுதியில், ஒரு சில நிலையங்களை மட்டும் நம்பி ‘அமெரிக்கன் டாப் 40’ தொடங்கியது. கேசியோடு டான் பஸ்டனி, டாம் ரவுண்ட்ஸ், ரான் ஜேக்கப்ஸ் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் முதல் நாற்பது இடங்களைக் கீழிருந்து மேலே கொண்டு போவதுதான் திட்டம். முதல் நிகழ்ச்சியில் 40ஆம் இடத்தில் மார்வின் கே, முதலிடத்தில் த்ரீ டாக் நைட் குழு. அப்போது அது மூன்று மணி நேர நிகழ்ச்சி. எழுபதுகளில் பாட்டுகளின் நீளம் கூடிக்கொண்டே போனது. நாற்பது பாட்டையும் மூன்று மணிக்குள் அடைக்கப் பாட்டுகளை நறுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1978 அக்டோபரில் நான்காவது மணி நேரத்தைச் சேர்த்தார்கள். பாட்டுகளுக்கு இடம் கொடுப்பதற்காகவே சேர்த்த நேரம் அது. இன்று நீங்கள் அதே மூன்று மணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். அன்று மூன்று மணியிலும் நாற்பது பாட்டு வந்தது. இப்போது ஏறத்தாழ பத்துப் பாட்டு முழுசாகவே போய்விடுகிறது.

சரி, அந்தப் பத்துப் பாட்டில் என்னதான் போய்விடுகிறது? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் இரண்டாவது காரணத்துக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

ஒரு பாட்டு 12ஆம் இடம் வரை போனால், முதல் மணி நேரத்தை வெட்டினாலும் அது வேறு வாரத்தில் காதில் விழுந்துவிடும். ஆனால் 40க்கும் 31க்கும் நடுவிலேயே ஏறி, அங்கேயே நின்று, இறங்கிப்போன பாட்டு உங்கள் மூன்று மணி நேர வடிவில் எந்த வாரத்திலும் வராது. எண்பதுகளின் எல்லா வாரங்களையும் நீங்கள் ஒலிபரப்பி முடித்தாலும் வராது.

சுகர்ஹில் கேங் என்ற நியூ ஜெர்சிக் குழுவின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராப் இசை அமெரிக்க நாற்பதுக்குள் கால் வைத்தது அந்தப் பாட்டோடுதான். 1980 ஜனவரியில் அது எட்டிய உச்ச இடம் 36. இன்று உலகமெங்கும், எங்கள் தமிழ் சினிமாவிலும்கூட ஒலிக்கிற ஓர் இசை வகை முதன்முதலாகத் தேசிய வானொலியில் எண்ணப்பட்ட நேரம் அது. கேசி தன் வழக்கமான குரலில், மற்ற பாட்டுகளுக்குக் கொடுத்த அதே மரியாதையோடு அதை அறிமுகப்படுத்துவதைக் கேட்க முடியும். எங்கே? நீங்கள் வெட்டிய முதல் மணி நேரத்தில்.

யூ2 குழு மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பாடிய பாட்டு 1984 கடைசியில் 33ஆம் இடத்தோடு நின்றது. இன்று அந்தப் பாட்டைத் தெரியாதவர் குறைவு. அன்று அதைக் கேட்க முதல் மணி நேரத்தில் ரேடியோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நியூ ஆர்டர் குழு முதன்முறையாக அமெரிக்க நாற்பதுக்குள் வந்து 32ஆம் இடத்தில் நின்றது. கேட் புஷ் 1985இல் முப்பதாவது இடத்தைத் தாண்டவில்லை, உங்கள் வெட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டார். அதே பாட்டு 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் மீண்டும் எழுந்து ஹாட் 100இல் மூன்றாம் இடம் வரை போனது. அந்த வருடம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்னைப் போன்றவர்களிடம் வந்து, அப்போது இதோடு வேறு என்னென்ன பாட்டு வந்தது என்று கேட்டார்கள். பட்டியலை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்தான். அந்த வாரம் அந்தப் பாட்டு எதற்குப் பின்னால், எதற்கு முன்னால், யார் குரலில் அறிமுகமாகி வந்தது என்பதைக் கேட்க உங்கள் மறு ஒலிபரப்பு போன்றவைதான் வழி.

மெதுவாக ஏறிய பாட்டுகள் இன்னொரு ரகம். சாஃப்ட் செல் என்ற இங்கிலாந்து ஜோடியின் பாட்டு 1982இல் ஹாட் 100இல் 43 வாரம் இருந்தது. அன்றைக்கு அது சாதனை. உச்ச இடம் எட்டு. இந்த மாதிரிப் பாட்டின் சுவை அது எட்டாம் இடத்தில் இருக்கும் வாரத்தில் மட்டும் இல்லை. போன வாரம் 38, இந்த வாரம் 36, போகுமா நின்றுவிடுமா என்று காத்திருப்பதில்தான் இருக்கிறது. லாஸ் லோபோஸ் 1987இல் முழுக்க ஸ்பானிஷ் மொழியில் பாடி முதலிடம் பிடித்தார்கள். நேனா 1984இல் ஜெர்மன் மொழியில் பாடி இரண்டாமிடம் வரை வந்தார். வேற்று மொழி பேசும் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்ட எனக்கு அவர்கள் ஏறிய ஒவ்வொரு படியும் முக்கியமாக இருந்தது. அந்த ஏற்றம் தொடங்குகிற இடம் முதல் மணி நேரம்.

கேசி நிகழ்ச்சியைத் தொடங்கும்போதே போன வாரத்து முதல் மூன்று பாட்டுகளை நினைவூட்டுவார். அப்புறம்தான் 40ஆம் இடத்துக்கு வருவார். போன வாரம் யார் உச்சியில் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு கீழிருந்து ஏறுவதுதான் இந்த நிகழ்ச்சியின் முதுகெலும்பு. உங்கள் வெட்டில் அதுவும் போய்விட்டது. நடுவில் கதவைத் திறந்து உள்ளே தள்ளியதுபோல் முப்பதாவது பாட்டில் எங்களைக் கொண்டுவந்து விடுகிறீர்கள்.

தெரியாத பாட்டு என்றால் நேயர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்கள் என்கிறீர்கள். திங்கள் முதல் சனி வரை உங்கள் நிலையம் தெரிந்த பாட்டுகளைத்தான் போடுகிறது. ஒரே நாளில் ஒரே பாட்டை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை, அது உங்கள் தொழில். ஆனால் அந்த வாரத்தில் தெரியாத பாட்டுக்கு இடம் இருந்தது இந்த ஒரு காலையில் மட்டும்தான். நாங்கள் ஞாயிறு காலையில் உங்களிடம் வருவதே அதற்காகத்தான். பழைய நேயர்கள் இரண்டு பேர் சந்தித்தால், “நேற்று 37ஆம் இடத்தில் வந்ததே, அதை இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்” என்றுதான் பேச்சு தொடங்கும். முதலிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

என் மகள் பள்ளியில் படித்தபோது ஹிப் ஹாப் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் பிறந்தவள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை 1980 ஜனவரி நிகழ்ச்சி மறு ஒலிபரப்பில் வந்தது. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். முனகிக்கொண்டே வந்தவள் 36ஆம் இடத்துப் பாட்டைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது என்று குறித்துக்கொண்டாள். மென்மையான காதல் பாட்டுகளுக்கும் டிஸ்கோவுக்கும் நடுவில் ஒரு புது இசை வந்து நின்றதைக் காதால் கேட்டதால் அவள் எழுதிய கட்டுரை வேறாக இருந்தது. இன்று அவளுக்கு ஒரு மகன். அவன் அந்த வயதுக்கு வரும்போது உங்கள் நிலையத்தில் அந்த வாரம் வந்தால் அவனுக்கு அந்தப் பாட்டு கிடைக்காது.

நேரம் இல்லை என்ற காரணத்துக்கு வருகிறேன். நான்கு மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்து ரேடியோ கேட்பவர் யாரும் இல்லை, அன்றும் இல்லை. காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டு மாவு கரைப்போம், துணி மடிப்போம், காரில் கோயிலுக்கோ கடைக்கோ போவோம். அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு மாறும்போது காது நிமிரும். நேயரின் நேரத்தை மிச்சம் பிடித்ததாகச் சொல்கிறீர்களே, அந்த மிச்சத்தை வேறு பாட்டுக்கா கொடுத்தீர்கள்? இப்போது அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் நிலையத்தில் வருவது மூட்டு வலி மாத்திரைக்காகப் பணம் வாங்கிக்கொண்டு போடும் விளம்பர நிகழ்ச்சி. நிலையம் நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் பணம் என்றே சொல்லுங்கள், நேயருக்கு நேரமில்லை என்று எங்கள் மேல் போடாதீர்கள். பணம்தான் பிரச்சினை என்றால் எங்களில் பலர், ஊரில் கடை வைத்திருப்பவர்கள், அந்த மணி நேரத்துக்கு விளம்பரம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். கேட்டிருக்கலாம்.

இணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இந்த நாட்டில் ஒரு நிலையம் பாட்டு போடுவதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் உள்ள சங்கங்களுக்கு மொத்தமாக உரிமத் தொகை கட்டுகிறது. அதனால் முழு நிகழ்ச்சியையும் காற்றில் விடலாம். ஆனால் நேயர் விரும்பிய நேரத்தில் எடுத்துக் கேட்கும்படி முழு நிகழ்ச்சியையும் பாட்டுகளோடு வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமை வாங்க வேண்டும். நாற்பது பாட்டு, நாற்பது உரிமை. அதை யாரும் செய்யப்போவதில்லை. ஆகவே இந்த நிகழ்ச்சிகளைச் சட்டப்படி, முழுசாக, கேசியின் குரலோடு கேட்க எங்கள் ஊரில் எங்களுக்கு இருக்கும் முக்கியமான வழி உங்கள் ஒலிபரப்புதான். உங்கள் பொறுப்பை இதைவிட வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

விநியோக நிறுவனத்தாருக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வாரத்து நிகழ்ச்சியும் எல்.பி. தட்டுகளாக அச்சாகித் தபாலில் நிலையங்களுக்குப் போகும். விளம்பரம் எங்கே வரும், உள்ளூர் அறிவிப்பு எங்கே வரும் என்று கூடவே ஒரு தாள் இருக்கும். ஒலிபரப்பு முடிந்ததும் தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது விதி. பல நிலையங்களில் அப்படியே செய்தார்கள். சில ஊர்களில் யாரோ ஓர் அறிவிப்பாளருக்கு மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். அப்படித் தப்பித்தவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். பழைய தட்டின் ஒலியை இரைச்சல் நீக்கிச் சுத்தமாக்கி நீங்கள் இன்று தருவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்குத் தெரியும். 2000களின் நடுவில் இந்த மறு ஒலிபரப்பு தொடங்கியபோது எங்களில் பலர் அழுதோம். அவ்வளவு பாடுபட்டு நான்கு மணி நேரத்தையும் மீட்டெடுத்துவிட்டு, மூன்று மணி நேரத்து வெட்டு வடிவம் ஒன்றையும் நீங்களே தயாரித்து நிலையங்களின் கையில் ஏன் கொடுக்கிறீர்கள்? அது கையில் இருக்கும் வரை நேர நெருக்கடி வரும் ஒவ்வொரு நிலையமும் அதைத்தான் எடுக்கும்.

வேறு சில குறைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையத்தின் இணைய ஒலிபரப்பில் விளம்பரங்கள் தானாகப் புகுவதால் கேசி ஒரு கதையை முடிக்கும் முன்பே வெட்டிவிடுகிறது. பெயர் சொல்லும் இடம்தான் பெரும்பாலும் போகிறது. நிகழ்ச்சி முடிவில், கால் தரையில் இருக்கட்டும், கை நட்சத்திரங்களை நோக்கியே நீளட்டும் என்று அவர் வாராவாரம் சொல்லும் விடை வாக்கியம் பல வாரங்களாக எங்கள் ஊரில் கேட்கவே இல்லை, அதன் மேல் அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டம் ஏறிவிடுகிறது. நவம்பர் நடுவிலிருந்து நிலையம் முழுக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாறுவதால் அந்த மாதங்களின் வாரங்களும், வருடக் கடைசியில் வரும் ஆண்டின் 100 பாட்டு வரிசையும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. தூரத்தில் இருப்பவருக்குப் பாட்டை அர்ப்பணிக்கும் கடிதப் பகுதியைச் சில வாரங்களில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1978 ஆகஸ்டில் தொடங்கிய அந்தப் பகுதியில் யாரோ ஒரு தாய், யாரோ ஒரு சிப்பாய், பிரிந்துபோன ஒரு தோழி எழுதிய கடிதத்தைக் கேசி நிதானமாகப் படிப்பார். ஊரிலிருந்து அப்பாவின் கடிதத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்த காலத்தில் அதைக் கேட்டவள் நான். அது பாட்டுக்கு நடுவே வரும் பேச்சு என்று நினைத்துக் கத்திரி போடாதீர்கள்.

இன்னொன்று. எங்களுக்குக் கிடைக்கும் மறு ஒலிபரப்பு 1988 ஆகஸ்ட்டோடு நின்றுவிடுகிறது. ஒப்பந்தத் தகராறில் கேசி விலகிய மாதம் அது. அடுத்த வாரமே ஷாடோ ஸ்டீவன்ஸ் வந்தார், 1995 ஜனவரி வரை நடத்தினார். கேசிதான் என் அறிவிப்பாளர், அதில் மாற்றமில்லை. ஆனால் ஷாடோவின் குரலோடு வளர்ந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அவர்கள் கேட்ட வாரங்களும் இதே நிகழ்ச்சியின் வாரங்கள்தான்.

இனி நாங்கள் கேட்பது.

நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநரே, வரும் மாதத்திலிருந்து ஞாயிறு காலை நான்கு மணி நேர முழு வடிவத்தை மீண்டும் போடுங்கள். விளம்பர ஒப்பந்தத்தால் அந்த நேரம் இப்போதைக்கு உங்கள் கையில் இல்லை என்றால், வெட்டிய முதல் மணி நேரத்தைச் சனி இரவிலாவது தனியாகப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்களிடம் இருக்கும் இரண்டாவது டிஜிட்டல் அலைவரிசையில் முழு நிகழ்ச்சியையும் ஓட விடுங்கள். எந்த வருடத்து எந்த வாரம் வரப்போகிறது என்பதை வியாழக்கிழமைக்குள் அறிவியுங்கள். விடை வாக்கியத்தின் மேல் வேறு ஒலி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைய ஒலிபரப்பில் விளம்பர இடைவெளிகளைக் கேசி பேசி முடிக்கும் இடங்களோடு பொருத்துங்கள், அந்த இடங்கள் எவை என்ற குறிப்பு நிகழ்ச்சியோடுதான் வருகிறது. கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்காக ஆண்டு வரிசையை நிறுத்துவதாக இருந்தால் அதை ஜனவரி முதல் இரண்டு வார இறுதிகளுக்கு மாற்றுங்கள்.

விநியோக நிறுவனத்தாரே, மூன்று மணி நேர வடிவத்தை நிறுத்துங்கள். உடனே முடியாது என்றால், அது சுருக்கப்பட்டது என்றும், எந்த இடங்களில் இருந்த பாட்டுகள் விடப்பட்டன என்றும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒலிப்பதிவாகவே சொல்லுங்கள். நிலையங்கள் அதை நீக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். 1988 ஆகஸ்டுக்குப் பிந்திய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகள் உங்களிடம் இருக்கின்றனவா, அவற்றை ஒலிபரப்ப என்ன தடை என்பதை வெளிப்படையாகத் தெரிவியுங்கள். சுத்தப்படுத்திய எல்லா நிகழ்ச்சிகளின் முழுப் பிரதியையும், ஆய்வாளர்கள் நேரில் போய்க் கேட்கும்படி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். இதற்கு ஒலிபரப்பு உரிமை எதையும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு பேரிடமும் பொதுவாகக் கேட்பது, இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் ஒரு பதில். எங்கள் ஊர் நேயர்கள் சிலர் நிலையத்துக்கு நேரில் வந்து பேசவும் தயாராக இருக்கிறோம். எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள், வருகிறோம். விளம்பரம் தர ஒப்புக்கொண்ட கடைக்காரர்களின் கடிதங்களையும் கையோடு கொண்டுவருவோம்.

மிச்சிகனிலிருந்து,
உங்கள் நேயர் ஒருத்தி